முற்றத்துக் கனியும் விடுதித் தட்டும்

பழம் உண்பதும் உண்ணாதிருப்பதும் அவரவர் நாவின் விருப்பத்தைப் பொறுத்தவை என்றே நாம் பொதுவாக எண்ணி வந்துள்ளோம். விடுதியில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர் ஏன் பழம் உண்பதில்லை என்று வினவினால், அறியாமை என்பார் சிலர். சோம்பல் என்பார் வேறு சிலர். பொரித்த பண்டங்களிலும் போத்தற் பானங்களிலும் இளைஞர் கொண்டுள்ள மோகமே காரணம் என்று கடிந்துகொள்வார் இன்னுஞ் சிலர். நோய் அறியாமையெனின் மருந்து அறிவுரையாகும். எனவே சுவரொட்டிகள் எழுதப்படுகின்றன, விரிவுரைகள் நிகழ்த்தப்படுகின்றன. சுவரொட்டியை வாசித்துவிட்டு மாணவன் மீண்டும் தேநீரும் பணிசும் அருந்தச் செல்கிறான். அவன் கையிலுள்ள பணம் அவ்வளவே. அந்நேரத்தில் அவ்விடத்தில் கிடைப்பதும் அதுவே.

இச்சிறு நிகழ்ச்சியின் பின்னே ஒரு நீண்ட வரலாறு மறைந்து நிற்கிறது என்பது எமது கருத்து. அவ்வரலாற்றை நாடு முழுவதற்கும் எழுதப் புகுந்தால் ஒரு நூலே வேண்டும். எனவே கல்முனையை நடுவாகக் கொண்ட அம்பாறைக் கரையோரத்தை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இவ்வூர்கள், கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்தவை. தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியிலேதான், ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அங்கு வந்து சேரும் ஓர் இளைஞனின் உணவுத் தட்டில் கனி இல்லாமற்போன கதை, அவன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

பழம் உண்ணாமையால் நேரும் கேட்டினை மனித குலம் மிகுந்த விலை கொடுத்தே அறிந்துகொண்டது. நெடுங்கடற் பயணங்களில் மாலுமிகள் முரசு கரைந்து, பல் உதிர்ந்து, பழம்புண்கள் மீண்டும் திறந்து மாண்டனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தார். தோடம்பழமும் தேசிக்காயும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தேசிப்புளி வழங்கத் துணிவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தது. அறிவு கிடைத்த மாத்திரத்தே கனி கிடைத்துவிடுவதில்லை. அதிகாரத்திலிருப்போர் அதனை ஒரு செலவினமாக ஏற்கவேண்டும் என்ற பாடம் அன்றே கற்பிக்கப்பட்டது. இன்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ணவேண்டும் என்கின்றன. 2003ஆம் ஆண்டில் அவை வெளியிட்ட அறிக்கை, நீரிழிவு, இருதய நோய் முதலியவற்றோடு இதனைத் தொடர்புபடுத்திக் காட்டிற்று. அவ்விரு நோய்களும் எமது கரையோர வீடுகளுக்குப் புதியவை அல்ல.

இனி எமது கதைக்கு வருவோம். அது 1942ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு மூன்று நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, இலங்கை மக்களின் சோற்றுப்பானைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அரசு அரிசிப் பங்கீட்டை ஏற்படுத்திற்று. அதே ஆண்டு யூலையில் 904 மாணவருடன் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதே ஆண்டிலேதான் இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அசீஸ், யுத்தகால உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார்.

அசீஸ் வந்தது நெல்லுக்காக. ஆனால் நெல் விளையும் இந்நாட்டின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் மேல் வகுப்புகளைக் காணாமலே நின்றுவிடுவதை அவர் கண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் 1942இல் உருவாவதற்கு அவர் உழைத்தார். அம்முயற்சியின் விரிவாகவே 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதி எழுந்தது. வறிய மாணவனொருவன் பல்கலைக்கழகம் செல்லவேண்டுமாயின் அவனுக்கு அறிவு மட்டும் போதாது, உண்ணவும் உறையவும் வழிவேண்டும் என்பதை அந்நிதி ஏற்றுக்கொண்டது. கல்முனையில் உணவுப் பிரச்சினையும் உயர்கல்விப் பிரச்சினையும் ஒரே அலுவலரின் மேசையில் ஒன்றுசேர்ந்தமை வெறுந் தற்செயல் எனத் தோன்றலாம். ஆனால் இன்றும் அவை ஒரே பிரச்சினையாகவே எம் முன் நிற்கின்றன.

1942 முதலாக, இந்நாட்டில் உணவு என்ற சொல்லுக்கு அரசின் அகராதியில் அரிசி என்பதே பொருளாயிற்று. ஆட்சிகள் அரிசியால் எழுந்தன, அரிசியால் வீழ்ந்தன. 1952இல் சீனாவுடன் செய்துகொண்ட றப்பர்–அரிசி ஒப்பந்தமும், 1953இல் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஆகஸ்ட் 12ஆந் தேதி எழுந்த மாபெரும் ஹர்த்தாலும் இதற்குச் சான்றாகும். அந்த வரவுசெலவுத் திட்டத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கிய இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அரிசிக்காக மக்கள் தெருவில் இறங்கி உயிரையும் கொடுத்தனர். அது நியாயமான போராட்டம். பசித்த வயிற்றுக்கு முதலில் வேண்டியது சோறே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நாம் நோக்கவேண்டும். சோறு அரசின் கடமையாயிற்று. கனியோ ஒவ்வொருவரின் முற்றத்துக்கும் மடிசீலைக்கும் விடப்பட்டது. அரசு சட்டமியற்றிக் காத்த கனிமரங்களும் கூடச் சோற்றுக்கு ஈடான பலாவும் ஈரப்பலாவுமே. அவற்றை அனுமதியின்றித் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. கொய்யாவுக்கும் விளாவுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

இதே காலப்பகுதியில் எமது கரையோரத்தின் மேற்கே ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த நதி இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. வாய்க்கால்கள் வந்தன, ஒருபோகம் விளைந்த வயல்கள் பல இருபோகம் விளையலாயின. மழையை நம்பியிருந்த உழவனுக்கு அது பெரும்பேறு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திட்டத்தின் முதன்மைப் பயிர்கள் நெல்லும் கரும்புமே. உள்நாட்டில் வந்து குடியேறியோருக்கு வயலோடு மேட்டுக்காணியும் கிடைத்தது. அங்கே மா, வாழை, பப்பாசி நட இடமிருந்தது. கரையோரத்தானுக்கோ வயல் ஓரிடம், குடியிருப்பு மற்றோரிடம். அவனுடைய மேட்டுநிலம் காட்டை வெட்டிச் செய்த சேனையே. அச்சேனையிலிருந்துதான் வத்தகைப்பழமும் வெள்ளரிப்பழமும் மாட்டுவண்டியில் ஊருக்கு வந்தன. குடியேற்றம் பரவப் பரவ, காடுகள் அரசுடைமையாகவும் சரணாலயமாகவும் வரையறுக்கப்படப்பட, சேனைக்குச் செல்லும் வழி ஒடுங்கிற்று. 1956இல் கல்லோயாப் பள்ளத்தாக்கில் மூண்ட இனவன்முறை, நிலத்தின் கேள்வி இனத்தின் கேள்வியாக மாறிவிட்டதை உலகுக்கு அறிவித்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டம் உருவாயிற்று.

சேனை சுருங்கியபோது எஞ்சியிருந்தது வளவு. எமது கரையோர வளவினை நினைவிற் கொள்ளாமல் பழத்தின் வரலாற்றை எழுதமுடியாது. வேலியோரத்தில் கொய்யா, கிணற்றடியில் வாழை, பின்புறத்தில் பப்பாசி, மூலையில் ஒரு மாமரம், மணலில் தானாக முளைத்த மரமுந்திரிகை. பருவம் வந்தால் காட்டோரத்து நாவலும் பாலைப்பழமும் விளாம்பழமும் சுண்டுகளிற் சந்தைக்கு வரும். இவற்றுள் வளவிற் பழுத்ததை எவரும் விலைகொடுத்து வாங்கினாரல்லர். ஒரு வீட்டில் மா பழுத்தால் நான்கு வீட்டுப் பிள்ளைகள் தின்றனர். குலை பழுத்தால் சீப்பு அயலுக்குப் போயிற்று. அயலிலிருந்து கொய்யா திரும்பி வந்தது. கனி அங்கே பண்டமாக இருக்கவில்லை. உறவின் ஒரு வடிவமாக இருந்தது. பழத்தை விலைக்கு வாங்கிய சந்தர்ப்பம் ஒன்றுண்டு: ஆசுபத்திரியில் நோயாளியைப் பார்க்கச் செல்கையில் தோடம்பழமும் அப்பிளும் வாங்கிச் சென்றனர். இவ்வழக்கம் எமது மக்களின் மனத்தில் ஒரு கருத்தை ஆழப் பதித்துவிட்டது. வாங்கும் பழம் நோயாளிக்கு உரியது. நலமாயிருப்பவன் பழம் வாங்கினால் அது வீண்செலவு என்பதே அக்கருத்து.

அந்த வளவும் நிலைக்கவில்லை. இக்கரையோரத்தில் முஸ்லிம்களிடையேயும் தமிழ் இந்துக்களிடையேயும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. மணமகன் மணமகளின் இல்லத்திற்கு வந்து வாழ்கிறான். மூன்று பெண்மக்களைப் பெற்ற தந்தை, ஒரே வளவை மூன்றாக வெட்டி மூன்று வீடுகள் கட்டுகிறான். முதல் மகளின் வீட்டுக்கு மாமரம் விழுகிறது. இரண்டாம் மகளின் வீட்டுக்கு வாழைத் தோட்டம் போகிறது. மூன்றாமவளின் வீடு எழும்போது வேலியே மதிலாகிவிடுகிறது. பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் வழக்கம் என்ற அளவில் இதிற் பெருமைப்படத்தக்க அம்சமும் உண்டு. ஆனால் சீதனம் ஒரு சுமையாக இறுகிய நிலையில், நெருக்கமான ஊர்களில், அதன் விலையை முற்றத்து மரங்களும் செலுத்தின. இன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கூரையோடு கூரை முட்டி நிற்கும் தெருக்களில், மரம் நட நினைப்பவனுக்கு நிலம் இல்லை.

மரத்தை வீடு தின்றது போக எஞ்சியதைப் போரும் கடலும் தின்றன. மூன்று பதிற்றாண்டுப் போரில் உள்நாட்டுக் காணிகளுக்குச் செல்வது உயிராபத்தாயிற்று. 1990ஆம் ஆண்டின் கொலைகள் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டையும் குருதியில் தோய்த்தன. அயலூர்ச் சந்தைக்குச் செல்ல அஞ்சிய காலம் அது. வேலிக்கு மேலாகக் கொய்யா கைமாறிய இடத்தில் ஐயம் குடிகொண்டது. 2004 திசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தில் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோரைக் கொன்றது. இலங்கையில் மிகக் கூடிய இழப்பைக் கண்ட மாவட்டம் இதுவே. உப்புநீர் நின்ற வளவுகளில் உயிர் தப்பிய மரங்களும் கருகின. மக்களை இழந்தோர் மரத்தை எண்ணி அழவில்லை. ஆயினும் அம்மரங்களும் அந்த இழப்பின் ஒரு பகுதியே.

இவ்வாறு, ஊரிலே முற்றத்துக் கனி அருகிய காலத்திலேதான், ஊர்ப்பிள்ளைகள் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகத்துள் நுழையலாயினர். அவர்கள் நுழைந்த விடுதியின் வரலாற்றையும் சற்று நோக்குவோம்.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, ஐவர் ஜெனிங்ஸ் மனத்திற் கொண்டிருந்தது ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் முறையில் அமைந்த உறைவிடப் பல்கலைக்கழகமாகும். மாணவர் விடுதியிலே உறங்கி, விடுதியின் உணவு மண்டபத்திலே ஒருங்கிருந்து உண்டனர். உணவு விடுதி வாழ்க்கையின் ஓர் அங்கமாக இருந்தது. அங்கு உண்டவர்களுட் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்ற நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களைச் சேர்ந்தோர் என்பதையும் மறக்கலாகாது. 1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி தன் விளைவைப் பல்கலைக்கழகத்திற் காட்டப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. 1960இல் தாய்மொழிமூல மாணவர் கலைப்பீடத்துள் நுழைந்தனர். 904 பேருடன் தொடங்கிய மாணவர் தொகை அறுபதுகளின் நடுப்பகுதிக்குள் பத்தாயிரத்தைத் தாண்டிற்று. கிராமத்துப் பிள்ளைகள் வந்தனர். விவசாயியின் மகனும் நெசவாளியின் மகளும் வந்தனர். கதவு திறந்தது. ஆனால் அறைகளும் சமையற்கூடங்களும் நிதியும் அதே வேகத்தில் விரியவில்லை. ஒருவர் உறைந்த அறையில் பலர் உறைந்தனர். கூடியிருந்து உண்ணும் மண்டபம் பின்னாளிற் காசுகொடுத்து உண்ணும் சிற்றுண்டிச்சாலையாக மாறிற்று. விடுதி உறங்கும் இடமாகச் சுருங்கியது. ஏழைகளின் பிள்ளைகள் உள்ளே வந்த காலமும் உணவு மண்டபம் வெளியே சென்ற காலமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதை வரலாற்று மாணவர் கூர்ந்து நோக்கவேண்டும்.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் இம்மாற்றத்தை முழுமையாக்கிற்று. 1979இல் பொதுப் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. 1981இல் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் சட்டபூர்வமாக அமைந்தது. அது பல்லாயிரம் வறிய மாணவர்க்குக் கைகொடுத்துள்ளது என்பதை நன்றியுடன் ஏற்கிறோம். ஆனால் அதன் தத்துவத்தையும் கவனிக்கவேண்டும். உணவு தரும் கடமைக்குப் பதிலாக ஒரு தொகை தரப்படுகிறது. அத்தொகையைக் கொண்டு சந்தையில் நீயே பார்த்துக்கொள் என்று மாணவனுக்குச் சொல்லப்படுகிறது. சந்தையில் அதே காலத்தில் நியூசிலாந்து, அமெரிக்க அப்பிள்கள் பளபளத்தன. மொனராகலையில் பன்னாட்டு மூலதனத்தின் கூட்டுடன் ஏற்றுமதிக்கான வாழைத் தோட்டங்கள் எழுந்தன. பழத்தைப் பண்டமாக்கிய மூலதனத்தின் பலத்தை அறிய விரும்புவோர் மத்திய அமெரிக்காவை நோக்கலாம். குவாத்தமாலாவில் யுனைட்டட் புரூட் கம்பனியின் தரிசு நிலங்களை உழவர்க்குப் பகிர்ந்தளிக்கத் துணிந்த ஆர்பென்ஸ் அரசு, 1954இல் அமெரிக்க உளவுத்துறையின் சதியால் கவிழ்க்கப்பட்டது. ஒரு வாழைப்பழத்தின் பின்னே ஓர் அரசு வீழ்ந்த வரலாறு உண்டெனில், ஒரு மாணவனின் தட்டிற் பழமில்லாமைக்கும் அரசியற் பொருள் உண்டென்று நாம் கூறுவது மிகையாகாது.

இந்தப் பின்னணியிலேதான் ஒலுவிற் பல்கலைக்கழகம் பிறந்தது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் முஸ்லிம் மாணவர் அச்சமின்றிப் படிக்க இயலாத நிலை தோன்றிற்று. அம்மாணவரின் எதிர்காலம் கருதி, சம்மாந்துறையிற் பிறந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் எடுத்த முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கப்பெற்று, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. அகதிநிலையிற் பிறந்த நிறுவனமொன்று இன்று நாட்டின் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் இடமளித்து வருகிறது. காரைதீவிற் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகளின் ஊரிலிருந்து ஒலுவில் கூப்பிடு தூரத்திலேயே உள்ளது. அன்று ஓர் அறிஞர் உயர்கல்விக்காகக் கடல்கடந்தும் மலைகடந்தும் செல்லவேண்டியிருந்த மண்ணில், இன்று மலைநாட்டுப் பிள்ளையும் தென்னிலங்கைப் பிள்ளையும் வந்து கற்கின்றனர்.

அவ்வாறு இந்நாட்டின் எந்தப் பல்கலைக்கழக விடுதியிலேனும் வாழும் ஒரு மாணவியின் நாளைப் பின்தொடர்வோம். காலை எட்டு மணி விரிவுரைக்கு முன் ஒரு தேநீர். பத்து மணிக்கு ஒரு ரொட்டி. நண்பகலில் சோற்றுப் பொதி. மாலையில் ஆய்வுகூடமோ நூலகமோ முடிந்து அவள் வெளிவரும்போது, பழக்கடை இருக்கும் சந்திக்குச் சென்று திரும்ப நேரமிராது. விடுதிப் படலை மூடும் வேளை நெருங்கிவிடும். மாணவனுக்கு இரவிலும் தெரு உண்டு, மாணவிக்கு இல்லை. வாங்கிவந்தாலும் பழத்தை வைக்கக் குளிர்பெட்டி இல்லை. கிழக்கின் வெக்கையில் பப்பாசி ஒரே இரவில் அழுகும். முழு வத்தகைப்பழத்தை ஒருத்தி வாங்கித் தின்னமுடியாது. சீப்பு வாழைப்பழம் வாங்கினால் இரண்டு நாளில் கறுத்துவிடும். ஆக, பழம் குடும்பத்தின் அளவுக்கு விற்கப்படுகிறது. விடுதி மாணவியோ தனியாள். அவளது பணப்பைக்கும் நேரத்துக்கும் பொருந்துமாறு, ஒருவருக்கு ஒரு வேளைக்கு என்று அளந்து, அழுகாதபடி உறையிலிட்டு விற்கப்படுவது பிசுக்கோத்து ஒன்றே.

கணக்கையும் பார்ப்போம். 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் மகாபொல கொடுப்பனவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்திற்று. 30 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று வேளை உணவு, பேருந்துக் கட்டணம், நிழற்படி, கைப்பேசி, சவர்க்காரம் அனைத்தும் அவ்வாண்டில் இதற்குள் அடங்கவேண்டியிருந்தது. 2022 செப்தெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை எட்டியபோது, கொடுப்பனவு நாளொன்றுக்கு 167 ரூபாவாகவே இருந்தது. அந்நெருக்கடியில் முதலிற் கைவிடப்பட்டது எது? சோற்றைக் கைவிட இயலாது. பாடக்குறிப்பின் நிழற்படியைக் கைவிட இயலாது. எவரும் குறைகூறாது, எவருக்கும் தெரியாது நீக்கத்தக்க செலவு பழமே. பழம் உண்ணாதவனின் பசி அன்றிரவு அவனை எழுப்புவதில்லை. அது பல ஆண்டு கழித்தே கணக்குக் கேட்கிறது.

பெண்களைப் பொறுத்தவரை அக்கணக்கு விரைந்தே வருகிறது. நாட்டின் பல்கலைக்கழக மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். குருதிச்சோகை இளம் பெண்களிடையே பரவலாகக் காணப்படும் நோய். சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உயிர்ச்சத்து ‘சி’ துணைசெய்கிறது. உணவோடு அருந்தும் தேநீரோ அதனைத் தடுக்கிறது. விடுதி மாணவியின் நாளில் தேநீர் உண்டு, கனி இல்லை. இத்தனைக்கும் எமது வேலியோரக் கொய்யாவில் அந்த உயிர்ச்சத்து, விலைகூடிய தோடம்பழத்தில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு உண்டு. ஆனால் கொய்யா கண்ணாடிப் பேழையில் ஏறவில்லை. அதற்கு விளம்பரம் இல்லை. நெல்லிக்காயும் நாவற்பழமும் நாட்டுப்புறத்தின் அடையாளமாகவும், அப்பிள் நாகரிகத்தின் அடையாளமாகவும் ஆக்கப்பட்டுவிட்டன. ஊரிலிருந்து கொய்யா கொண்டுவரும் மாணவி அதனைத் தோழியர் முன் எடுக்கக் கூசும் நிலை தோன்றுமெனில், அக்கூச்சத்தையும் சந்தையே உற்பத்தி செய்துள்ளது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நிலையும் அன்று. ஜேர்மனி, டென்மார்க், போலந்து, பல்கேரியா ஆகிய நான்கு நாடுகளின் பல்கலைக்கழக மாணவரை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பெற்றோருடன் வாழும் மாணவர் வீட்டைவிட்டு வாழ்வோரிலும் கூடுதலாகப் பழமும் மரக்கறியும் உண்பதைக் கண்டது. அறிவு இருசாராருக்கும் ஒன்றே. ஒரே விரிவுரையைத்தான் கேட்கின்றனர். வேறுபாடு வீட்டில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் பழத்தை வாங்கி, கழுவி, வெட்டி, கண்ணெதிரே வைக்கிறார். அவ்வாறு வைப்பவர் பெரும்பாலும் தாய். விடுதியில் அவ்வுழைப்பைச் செய்ய எவரும் நியமிக்கப்படவில்லை. தாயின் ஊதியமற்ற உழைப்பு மறைந்த இடத்தில் பழமும் மறைகிறது.

இனி, இந்நிலை மாற்ற முடியாததா என்ற வினா எழும். எமது ஊர்களே இதற்கு விடை வைத்துள்ளன. நோன்பு மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுவதும் பழக்கடையை எட்டிப் பாராத மாணவன், அம்மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில் நாள்தோறும் பேரீச்சம்பழம் உண்கிறான். கஞ்சியோடு வத்தகைப்பழத் துண்டும் அவன் கைக்கு வருகிறது. அவனது வருமானம் அம்மாதத்திற் கூடவில்லை. அவனுக்கு எவரும் உயிர்ச்சத்துக்களைப் பற்றி விரிவுரை நிகழ்த்தவுமில்லை. நடந்தது இதுவே: மக்கள் கூட்டாகப் பணம் சேர்த்தனர், மொத்தமாக வாங்கினர், சிலர் வெட்டினர், அனைவரும் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்டனர். பழம் பண்டநிலையை விட்டு மீண்டும் உறவாயிற்று. விலை, நேரம், தூரம், அழுகல் என நாம் மேலே கண்ட தடைகள் யாவும் அந்த ஒரு மாதம் விலகி நிற்கின்றன. சமயக் கடமையின் பெயரால் ஒரு மாதம் கூடுமாயிருப்பது, சமூகக் கடமையின் பெயரால் ஏனைய பதினொரு மாதமும், எல்லாச் சமயத்து மாணவர்க்கும், ஏன் கூடாது?

கூடும். அதற்கு மிகப் பெரும் நிதி வேண்டியதில்லை. விடுதிச் சிற்றுண்டிச்சாலைகளின் ஒப்பந்தத்தில், மதிய உணவோடு ஒரு பழம் சேர்ந்தே வரவேண்டும் என ஒரு வரி எழுதப்படலாம். அப்பழம் அப்பிளாக இருக்கவேண்டியதில்லை. பருவத்துக்கேற்பக் கதலி, பப்பாசி, கொய்யா, அன்னாசி என இருக்கட்டும். அதனை இடைத்தரகரின்றி, கூட்டுறவுச் சங்கங்களின் வழியே, பொத்துவில், இறக்காமம், மொனராகலை ஆகிய இடங்களின் சிறு உழவரிடமிருந்து நேரே வாங்கலாம். இடையில் எத்தனையோ கைகள் மாறி வரும் பழத்தில் உழவனுக்குச் சேர்வது சிறிது, மாணவன் கொடுப்பது பெரிது. இவ்விருவரையும் நேர்நிற்கச் செய்வதே கூட்டுறவின் பணி. மரம் நடுவிழாக்களில் ஆண்டுதோறும் நிழல்மரங்களை நடும் நாம், விடுதி வளவுகளிற் கனிமரங்களை நட்டால் நான்கு ஆண்டுக் கற்கைநெறி முடிவதற்குள் கொய்யா காய்த்துவிடும். நட்டவன் உண்டு செல்வான். அடுத்து வருபவனும் உண்பான்.

இவற்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பு மாணவர் சங்கங்களுக்கும் ஆசிரியர்க்கும் உரியது. மாணவர் இயக்கங்கள் அனுமதிக்காகவும் புலமைப்பரிசிலுக்காகவும் தனியார்மயத்துக்கு எதிராகவும் போராடி வந்துள்ளன. அவை பெரிய கோரிக்கைகள். பழம் என்பது அவற்றின் முன்னே சிறிதாகத் தோன்றலாம். 1953இல் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவு நிறுத்தப்பட்டபோது, அதுவும் ஒரு சிறிய செலவுக்குறைப்பு என்றே ஆட்சியாளர் கருதினர். மக்கள் அவ்வாறு கருதவில்லை. ஏழையின் பிள்ளை பல்கலைக்கழகத்துள் நுழையும் உரிமையைப் பெற்றுத் தந்த தலைமுறை தன் கடமையைச் செய்துவிட்டது. நுழைந்த பிள்ளை நலத்தோடு வெளிவருமா என்பது எமது தலைமுறையின் வினா.

1942இல் கல்முனைக்கு வந்த அலுவலர் நெல்லைப் பெருக்க வந்து, புலமைப்பரிசிலுக்கு வித்திட்டுச் சென்றார். அன்று சோறும் கல்வியும் ஒன்றாக எண்ணப்பட்டன. அவ்விரண்டோடு ஒரு கனியையும் சேர்த்து எண்ணுவதே இன்று நாம் செய்யவேண்டிய பணி.